கையெழுத்துப் போட மட்டும் தேவைப்படுகிறவர்கள்: மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் குடும்பங்களும் அரசு உதவிகளும்

மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டங்கள் பற்றிப் பேச்சு வந்தால் எவ்வளவு தொகை, எத்தனை சதவீதம், எந்த அட்டை என்றுதான் கேட்கிறோம். அந்த அட்டையை வாங்க அலைந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. தானாக நடக்கவோ பேசவோ கழிப்பறைக்குப் போகவோ முடியாத ஒருவருக்காக விண்ணப்பம் எழுதுவது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வது, வங்கியில் வரிசையில் நிற்பது எல்லாம் வீட்டில் யாரோ ஒருவரின் வேலை. அநேகமாக அது அம்மா. அம்மா இல்லாத வீட்டில் அக்கா, மனைவி, மருமகள். மத்திய அரசின் 2024 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் அது ஏறக்குறைய 21 சதவீதம். அந்த வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சுமார் 140 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 74 நிமிடம். இது எல்லாக் குடும்பங்களுக்குமான சராசரி. வீட்டில் கடும் பாதிப்புள்ள ஒருவர் இருந்தால் நிமிடக் கணக்கெல்லாம் செல்லாது, முழு நாளும் அதற்கே போய்விடும்.

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குக் குறைவு இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனித் துறை, மாவட்டத்துக்கு ஒரு நல அலுவலர், பல வகை உதவித்தொகைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வீட்டை விட்டு ஒரு மணி நேரம்கூட நகர முடியாத ஒருவர் வந்து கேட்டால்தான் அவற்றில் எதுவும் கிடைக்கும். பராமரிப்பவரின் நேரம் இலவசமாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு விதியும் எழுதப்பட்டிருக்கிறது.

சட்டத்தில் அவருக்கு இடம் இல்லாமலில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளரை வரையறுக்கிறது. ஊதியம் பெற்றோ பெறாமலோ ஒரு மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பும் உதவியும் தருபவர், பெற்றோரும் பிற குடும்பத்தாரும் உட்பட, அந்த வரையறைக்குள் வருகிறார்கள். அதே சட்டத்தின் 24 ஆவது பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கு, அதாவது அன்றாட வாழ்க்கைக்கே பிறர் உதவி மிக அதிகமாகத் தேவைப்படுவோருக்கு, பராமரிப்பாளர் படி தரும் திட்டத்தை அரசுகள் வகுக்க வேண்டும் என்கிறது. சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு தன் விதிகளை 2018 இல் வெளியிட்டது. இருந்தும் பராமரிப்பாளருக்கென்று ஓர் அட்டையோ பதிவேடோ, அவர் தன் பெயரில் கேட்டுப் பெறக்கூடிய பரவலான உரிமையோ இன்னும் உருவாகவில்லை. பயனாளியின் படிவத்தில் தாய், தந்தை அல்லது காப்பாளர் கையெழுத்திட ஒரு கோடு இருக்கும். அரசுக் காகிதத்தில் அவருக்கு இருக்கும் இடம் அவ்வளவுதான்.

முதல் படி, சான்றிதழ்

எல்லாத் திட்டங்களுக்கும் அடிப்படை மாற்றுத்திறனாளி சான்றிதழ்தான். முன்பு ஏழு வகைப் பாதிப்புகளுக்கு மட்டும் இருந்த அங்கீகாரம், 2016 சட்டத்துக்குப் பிறகு 21 வகைகளாக விரிந்தது. ஆட்டிசம், தசைச்சிதைவு, தலசீமியா, பார்க்கின்சன், அமிலத் தாக்குதலுக்கு ஆளானோர் எல்லாரும் இப்போது இதில் உண்டு. பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும். சான்றிதழோடு நாடு முழுக்கச் செல்லும் யுடிஐடி என்ற தனி அடையாள அட்டையும் வருகிறது. விண்ணப்பத்தை ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம், இல்லாவிட்டால் இ-சேவை மையம் போகலாம். ஆனால் மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும், சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது, மூளை முடக்குவாதம், உட்கார்ந்தால் தலை நிற்காது. மாவட்டத் தலைநகர் தஞ்சாவூர், நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது, வாடகைக்குக் கார் எடுக்க வேண்டும். துணைக்கு ஓர் ஆண் வர வேண்டும், அவருக்கு அன்றைய கூலி போய்விடும். போன பிறகு எலும்பு மருத்துவர், நரம்பியல் மருத்துவர், அறிவுத்திறன் சோதனை செய்யும் உளவியலாளர் மூவரும் அதே நாளில் இருக்க வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொரு நாள், இன்னொரு கார், இன்னொரு நாள் கூலி. இரண்டாயிரம் ரூபாய் மாத உதவித்தொகைக்குப் போய், அதன் முதல் சில மாதத் தொகையைக் கையில் வருமுன்பே செலவழித்துவிடும் குடும்பங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு, பலருக்கும் அது தெரியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 18 வயது வரையுள்ளவர்களுக்காக வட்டார அளவில் மருத்துவ முகாம்கள் நடக்கின்றன. எல்லாத் துறை மருத்துவர்களும் ஒரே பள்ளி வளாகத்தில் உட்காருவார்கள். பள்ளிக்கே போகாத குழந்தையையும் அழைத்துப் போகலாம். அதே திட்டத்தில்தான் பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுவழிக் கல்வியும், பள்ளிக்கு வருபவர்களுக்குப் போக்குவரத்துப் படியும் துணையாளர் படியும் இருக்கின்றன. வீட்டுக்கு வரும் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் பல கிராமங்களில் தாய்மார்களுக்கு முதல் தகவலாளர்கள். எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று அவர்களிடம்தான் தெரியவருகிறது. இவர்கள் எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் தொகுப்பூதியக்காரர்கள். கிராமத்துத் தாய்க்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே கண்ணியை அரசு இவ்வளவு மெலிதாக வைத்திருக்கக் கூடாது.

சிறு வயதில் தரப்படும் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்றாக இருக்கலாம். குழந்தை வளரும்போது நிலை மாறலாம் என்பது மருத்துவக் காரணம், அது சரியானதுதான். ஆனால் முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால், உதவித்தொகை திடீரென நிற்கும்போதுதான் அது காலாவதியானதே தெரியவரும். இன்னொன்று ஆதார். கை விரல்கள் மடங்கி இறுகிப்போனவர்களுக்கும், கண்ணை நிலைநிறுத்த முடியாதவர்களுக்கும் கைரேகையோ கருவிழியோ பதியாது. 'பதியவில்லை, போய் வாருங்கள்' என்று திருப்பி அனுப்பினால் நம்ப வேண்டாம். அப்படிப்பட்டவர்களை விதிவிலக்கு முறையில் பதிவு செய்ய ஆதார் ஆணையத்தின் விதிகளிலேயே வழி இருக்கிறது.

சதவீதம் எதை அளக்கிறது

சான்றிதழில் உள்ள சதவீதம் உடலில் அல்லது அறிவில் எவ்வளவு பாதிப்பு என்பதைச் சொல்கிறது. பராமரிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை அது சொல்லாது. போலியோவால் இரண்டு கால்களும் செயலிழந்து 90 சதவீதச் சான்று வைத்திருக்கும் ஒருவர், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் அலுவலகம் போய் வரலாம், அன்றாட வேலைகளுக்கு யார் உதவியும் தேவைப்படாமல் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள, 60 சதவீதச் சான்று பெற்ற பையன் இரவில் தூங்காமல், கதவு திறந்திருந்தால் சாலைக்கு ஓடி, யாராவது எப்போதும் கூடவே இருந்தாக வேண்டிய நிலையில் இருக்கலாம். சான்றிதழை மட்டும் பார்க்கும் அலுவலருக்கு முதலாமவர் கடும் பாதிப்புள்ளவர், இரண்டாமவர் நடுத்தரம்.

மனநோய் உள்ளவர்களின் குடும்பங்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. மனச்சிதைவு போன்ற நோய்களை ஐடியாஸ் எனப்படும் அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள். மருந்தால் ஓரளவு தெளிவாக இருக்கும் நாளில் மருத்துவரைப் பார்த்தால் சதவீதம் குறைந்துவிடுமோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள். நோயாளியின் எதிரிலேயே அவருடைய மோசமான நாட்களை விவரிக்க வேண்டிய சங்கடமும் அவர்களுக்கு இருக்கிறது. முடிந்தால் மருத்துவரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேளுங்கள், பழைய சிகிச்சைச் சீட்டுகளைத் தேதி வரிசையில் கொண்டு போங்கள்.

பராமரிப்பின் அளவையே கணக்கில் எடுக்கும் ஏற்பாடு சட்டத்தில் இல்லாமல் இல்லை. 38 ஆவது பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள எவரும், அல்லது அவர் சார்பில் இன்னொருவரோ ஓர் அமைப்போ, 'உயர் ஆதரவு தேவை' என்று விண்ணப்பிக்கலாம். அதை ஒரு மதிப்பீட்டு வாரியம் ஆராய்ந்து, தேவையா, எப்படிப்பட்ட ஆதரவு தேவை என்று அறிக்கை தர வேண்டும். பராமரிப்பவர் தன் வேலையின் அளவை அதிகாரபூர்வமாகச் சொல்லக்கூடிய ஒரே இடம் என் பார்வையில் இதுதான். இவ்வளவு முக்கியமான பிரிவு இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. விண்ணப்பிக்கிறவர்கள், இரவில் எத்தனை முறை எழுப்பித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது, சாப்பாடு ஊட்ட எவ்வளவு நேரம், தனியே விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் ஒரு வாரத்துக்கு எழுதி இணைப்பது நல்லது. 'எல்லாம் நான்தான் செய்கிறேன்' என்ற ஒரு வரியைவிட அந்த வாரக் குறிப்பு வாரியத்துக்குப் பயன்படும்.

கைக்கு வரும் தொகை

தமிழ்நாட்டில் மாத உதவி இரண்டு துறைகள் வழியாக வருகிறது, இதில்தான் நிறையக் குழப்பம். ஒன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் ₹2,000. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, முதுகுத் தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் ஆகியவற்றுக்கு 40 சதவீதம் போதும். 'கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்' என்ற பிரிவில் 75 சதவீதம் வேண்டும். இன்னொன்று வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஜனவரி முதல் ₹1,500. முதலாவதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், இரண்டாவதற்கு தாலுகா அலுவலகம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தாலுகா அலுவலகம் பக்கத்தில் இருப்பதால், ₹2,000 பெறத் தகுதியுள்ளவர்களும் ₹1,500 வாங்கிக்கொண்டு இருந்துவிடுவதுண்டு. உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருந்தால் ஒரு முறை விசாரித்துப் பார்ப்பது வீண்போகாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, அதே போன்ற பொதுத் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தரப்படுவதைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது 24 ஆவது பிரிவின் நிபந்தனை. 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதியோர் ஓய்வூதியம் ₹1,200 ஆனது. அதில் 25 சதவீதம் கூட்டினால் ₹1,500. சட்டம் சொன்ன குறைந்தபட்சத்தில் மிகச் சரியாக நிற்கிறோம். மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில், 80 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு தில்லி தருவது மாதம் ₹300. 2012 இலிருந்து அதே தொகைதான்.

எல்லையைத் தாண்டிப் பார்த்தால் ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை ₹6,000 ஆக்கியது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ₹15,000. இங்கும் அதே அளவு வேண்டும் என்று தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் மாவட்டந்தோறும் போராடி வந்திருக்கிறது. பாதுகாப்போரையும் சேர்த்து அமைக்கப்பட்ட சங்கம் அது. தெருவில் உட்காரும் கூட்டத்தில் பாதிப் பேர் தாய்மார்களாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

பராமரிப்பவருக்கே நேராகப் பணம் தருவதில் முன்னோடி கேரளம். 2010 இல் தொடங்கிய ஆஸ்வாசகிரணம் திட்டம், படுக்கையிலிருப்பவர்களையும் கடும் பாதிப்புள்ளவர்களையும் வீட்டில் பார்த்துக்கொள்வதற்காக வேறு வேலைக்குப் போக முடியாதவருக்கு மாதம் ₹600 தருகிறது. தொகை சிறியது. அதுவும் மாதக்கணக்கில் பாக்கி விழுந்து, அங்குள்ள பத்திரிகைகளில் அடிக்கடி செய்தியாகிறது. ஆனாலும் அந்தப் பணம் பயனாளிக்கு வரும் ஓய்வூதியத்திலிருந்து தனியானது, பராமரிப்பவரின் உழைப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கு உதவியாளர் படியாக மாதம் ₹1,000 தரும் திட்டம் வந்திருக்கிறது. தகுதியுள்ளவர்களில் எத்தனை வீடுகளை அது எட்டுகிறது என்பதுதான் இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையையும் இங்கே சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய இந்த மாதம் ₹1,000, ஏற்கெனவே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறும் குடும்பங்களுக்குப் பொதுவாக இல்லை என்றே முதலில் விதி இருந்தது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை பெறுபவர் வீட்டில் இருந்தால் அதைக் காரணம் காட்டி அந்தக் குடும்பத்துப் பெண்ணை விலக்கக் கூடாது என்று விதிவிலக்கு உண்டு. மற்ற தகுதிகள் இருந்தால் அவர் விண்ணப்பிக்கலாம். 'பிள்ளைக்குத்தான் பணம் வருகிறதே' என்று சொல்லி யாராவது படிவத்தை வாங்க மறுத்தால், இந்த விதிவிலக்கைச் சுட்டிக்காட்டுங்கள்.

இந்தத் தொகைகள் பயனாளிக்கா, பராமரிப்பவருக்கா என்ற விவாதம் உரிமை இயக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. பணம் தாயின் கையில் போனால், மாற்றுத்திறனாளி எப்போதும் ஒருவரைச் சார்ந்தே இருக்க வேண்டியதாகிவிடும். தனக்கு யார் உதவ வேண்டும் என்று தானே தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு வேண்டும் என்கிறார்கள் பலர். தண்டுவடப் பாதிப்புள்ள ஓர் இளைஞரைப் பொறுத்தவரை அந்த வாதம் முழுக்க நியாயம். சம்பளத்துக்கு உதவியாளர் வைத்துக்கொள்ள அவருக்குப் பணம் வேண்டும், அம்மாவின் முதுகு அதற்கு விலையாகக் கூடாது. ஆனால் அறிவுசார் குறைபாடும் வலிப்பும் சேர்ந்த ஒரு பெண்ணை நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டு, கூலி வேலைக்குப் போகாமல், தனக்கென்று ஒரு ரூபாய் சேமிப்பும் இல்லாமல் அறுபதைத் தாண்டிய தாய்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே தொகைக்குப் போட்டியாக நிறுத்துவதே தவறு என்று நினைக்கிறேன். இரண்டும் தனித்தனியாக வர வேண்டும்.

சம்பள வேலையில் இருப்பவருக்கு

அரசு வேலையில் இருக்கும் பராமரிப்பாளருக்குச் சட்டம் பரவாயில்லாமல் உதவுகிறது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, பிள்ளை மாற்றுத்திறனாளியாக இருந்தால் வயது வரம்பு கிடையாது. இந்த விதியை ஏற்காத ஹிமாச்சலப் பிரதேச அரசின் மீது, மரபணுக் கோளாறுள்ள மகனின் தாயான ஒரு கல்லூரி ஆசிரியை வழக்குத் தொடுத்தார். 2024 ஏப்ரலில் அதை விசாரித்த உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிக் குழந்தையின் தாய்க்கு இவ்விடுப்பை மறுப்பது, வேலையில் பெண்களுக்குச் சம இடம் தர வேண்டிய அரசியலமைப்புக் கடமையை மீறுவது என்றது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அரசு ஊழியருக்குச் சுழற்சி இடமாற்றத்திலிருந்து 2014 இல் விலக்கு கிடைத்தது. 2018 இல் அது கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் விரிந்தது. வருமான வரியில், பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு ₹75,000, பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ₹1,25,000 கழிவு கிடைக்கும்.

நாற்று நடப் போகும் தாய்க்கு இதில் எதுவும் இல்லை. அவருக்கு எடுக்க விடுப்பும் இல்லை, கட்ட வரியும் இல்லை. பிள்ளையை விட்டு நகர முடியாததால் நூறு நாள் வேலைக்குக்கூட அவர் போவதில்லை. நிலையான சம்பளம் உள்ள வீட்டுக்குச் சலுகை சேரச் சேர, சம்பளமே இல்லாத வீடு இன்னும் பின்னால் போகிறது.

இரு தரப்புக்கும் பொதுவானவை பயணச் சலுகைகள். துணையில்லாமல் பயணிக்க முடியாதவருக்கு ரயிலில் உறங்கும் வகுப்பில் 75 சதவீதக் கட்டணக் குறைப்பு உண்டு, கூட வரும் ஒருவருக்கும் அதே குறைப்பு. தமிழ்நாட்டுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் துணையாளரும் இலவசமாகப் போகலாம். தெரபிக்கு வாரம் இரண்டு முறை போகும் தந்தைகளுக்கும் இது நல்ல உதவி.

சிகிச்சைச் செலவுக்கு நிராமயா காப்பீட்டைத் தவறவிட வேண்டாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தருவது இது. ஆண்டுக்கு ₹1 லட்சம் வரை. சேரும் முன் எந்த மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. புறநோயாளிச் செலவும் தெரபியும் இதில் வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் போய்விடும்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு

பிறந்தது முதல் பார்த்துக்கொண்ட மகளுக்குப் பதினெட்டு முடிந்த நாளில் சட்டப்படி அம்மா காப்பாளர் இல்லை. பலரும் இதை வங்கியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். காசோலையில் கையெழுத்து, சொத்துப் பத்திரம், அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் எல்லாவற்றுக்கும் காப்பாளர் சான்று கேட்பார்கள்.

மேலே சொன்ன அதே நான்கு பாதிப்புகளுக்கு 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் எளிய வழி தருகிறது. நீதிமன்றம் போக வேண்டாம். மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகிய மூவர் கொண்ட உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் அந்த நபரின் சொத்து விவரத்தையும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டுக் கணக்கையும் காப்பாளர் தர வேண்டும். காப்பாளர் ஏமாற்றினாலோ கைவிட்டாலோ குழு அவரை நீக்கலாம்.

மனநோய் உள்ளவர்களும் விபத்தில் மூளை அடிபட்டவர்களும் இந்த நான்குக்குள் வருவதில்லை. 2016 சட்டம் 'வரையறுக்கப்பட்ட காப்பாளர்' முறையைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரோடு கலந்து பேசி முடிவெடுப்பவர் அவர். இந்தியா 2007 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை மாற்றுத்திறனாளிகளின் சட்ட ஆளுமையை, அதாவது தாமே முடிவெடுக்கும் உரிமையை, மதிக்கச் சொல்வதால் வந்த நல்ல மாற்றம் அது. ஆனால் கோமாவில் கிடப்பவரோடு கலந்து பேச வழியில்லை. கணவர் கோமாவில் இருக்க, சிகிச்சைக்குப் பணம் திரட்ட அவர் சொத்தை விற்க வேண்டிய நிலையில் ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024 இல் நீதிமன்றம் அவரைக் காப்பாளராக நியமித்தது. இந்த நிலைக்கென்று தெளிவான சட்டம் இன்னும் இல்லாததால், ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக வழக்குப் போட்டுத்தான் இந்த அனுமதியைப் பெற வேண்டியிருக்கிறது.

எந்த விண்ணப்பமாக இருந்தாலும் நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். மாவட்டத்தில் தீராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது. அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார், புகாரை விசாரித்துப் பரிந்துரைக்கச் சட்டமே அவருக்கு அதிகாரம் தருகிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. தெரபியும் ஆலோசனையும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அலைச்சலைக் குறைக்கும். அந்த மையங்களில் சான்றிதழ் வேலையையும் முடித்துத் தருவதோடு, பராமரிப்பவர் வாரத்தில் அரை நாளாவது பிள்ளையை நம்பி விட்டுவிட்டுத் தன் உடம்பைக் கவனிக்கப் போகவும் வழி செய்தால், மற்ற எல்லாத் திட்டங்களையும் கேட்டுப் பெற அவருக்கு நேரம் கிடைக்கும்.

கடைசியாக, பெற்றோர் தள்ளிப்போடும் ஒரு விஷயம். காப்பாளரான தாய் இறந்தால் அந்தப் பொறுப்பு அண்ணனுக்கோ தங்கைக்கோ தானாகப் போகாது. உள்ளூர்க் குழுவிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அரசு ஓய்வூதியர் என்றால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனுக்கோ மகளுக்கோ வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி உண்டு. பிள்ளையின் பெயரையும் மருத்துவச் சான்றையும் ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்துவிட்டால் பின்னால் சிக்கல் குறையும். அடுத்துப் பொறுப்பேற்கப் போகிறவரை இப்போதே ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் கூட அழைத்துப் போங்கள். மருந்துப் பட்டியல், யுடிஐடி எண், வங்கிக் கணக்கு, நிராமயா புதுப்பிக்கும் தேதி எல்லாம் எழுதிய ஒரு நோட்டின் நகல் அவரிடமும் இருக்கட்டும்.